ஆல் பிளாக்ஸை வீழ்த்திய வெல்ஷ் வாத்தியார்!

நமக்கு கிரிக்கெட் எப்படியோ, நியூசிலாந்துக்காரர்களுக்கு ரக்பி அப்படி. கறுப்பு உடை, தொடையைத் தட்டி ஆடும் ‘ஹாகா’ நடனம், எதிரணியை நொறுக்கும் வேகம் என்று உலகமே மிரண்டு பார்க்கும் அணி அவர்களுடையது. பெயர் ‘ஆல் பிளாக்ஸ்’.

அந்த அணியோடு மோதுவதற்காக இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் சிறந்த வீரர்களைச் சேர்த்து, சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு கூட்டணி கப்பலேறும். பிற்காலத்தில் விமானம் ஏறும். அதற்கு ‘லயன்ஸ்’ என்று பெயர். இந்தப் பயணங்கள் 1888-ல் தொடங்கியவை. இத்தனை வருடங்களில் நியூசிலாந்து மண்ணில் ஆல் பிளாக்ஸுக்கு எதிரான டெஸ்ட் தொடரை லயன்ஸ் வென்றது ஒரே ஒரு முறைதான். 1971-ல்.

அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் ராணுவ அதிகாரி இல்லை. புகழ்பெற்ற முன்னாள் கேப்டனும் இல்லை. தன் நாட்டுக்காக மொத்தமே இரண்டு ஆட்டங்கள் ஆடியவர். மற்றபடி, வகுப்பறையில் வெல்ஷ் மொழியும் கவிதையும் நடத்திக்கொண்டிருந்த ஒரு வாத்தியார். பெயர், கார்வின் ஜேம்ஸ்.

சுரங்கத் தொழிலாளியின் மகன்

வேல்ஸின் தென்மேற்கில் கார்மார்தன்ஷையர் மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர் கெவ்னெய்த்தின். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். 1929 நவம்பர் 2-ம் தேதி அங்கே பிறந்தார் கார்வின். அப்பா சுரங்கத் தொழிலாளி. வீட்டில் பேச்சு வெல்ஷ் மொழியில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் வெல்ஷ்தான். தெருவில் இறங்கினால் ரக்பி.

ரக்பி தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால், கையால் முன்பக்கம் வீசக் கூடாது. பக்கவாட்டிலோ பின்பக்கமோதான் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் அது ‘ட்ரை’. அணிக்கு 15 பேர். அதில் 10-ம் நம்பர் சட்டை போட்டவர் ‘ஃப்ளை ஹாஃப்’. உதைப்பதா, ஓடுவதா, அடுத்தவருக்குக் கொடுப்பதா என்று கண நேரத்தில் முடிவெடுப்பவர். அணியின் மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்வின் ஆடியது அந்த இடத்தில்தான்.

ஆள் ஒல்லி. முட்டி மோதுவதைவிட ஏமாற்றிச் செல்வதில் கில்லாடி. குவென்ட்ரைத் கிராமர் ஸ்கூலில் படிக்கும்போதே விளையாட்டில் பெயர் வாங்கினார். அதே அளவுக்கு வெல்ஷ் கவிதைகளிலும் மூழ்கினார். அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்த பாடம் வெல்ஷ் இலக்கியம். அப்போது அந்தத் துறையில் பாடம் நடத்தியவர்களில் ஒருவர் குவெனால்ட். முதல் உலகப்போரில் துப்பாக்கி தூக்க மறுத்துச் சிறை சென்றவர். அவருடைய தந்தை உலோக ஆலையில் கொதிக்கும் குழம்பு கொட்டி இறந்துபோனவர். தொழிலாளிகளின் வலியையும் தாய்மொழியையும் சேர்த்து எழுதிய கவிஞர் அவர். சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு அந்தக் கவிதைகள் எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

படிப்பு முடிந்ததும் கட்டாய ராணுவச் சேவை. கடற்படையில் சேர்ந்த கார்வினை ரஷ்ய மொழி கற்க அனுப்பினார்கள். பனிப்போர் காலம் அல்லவா? ரஷ்யர்களின் வானொலித் தகவல்களைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஆட்கள் தேவைப்பட்டார்கள். கார்வினோ, கிடைத்த சந்தர்ப்பத்தில் செகாவ்வை ரசிக்கக் கற்றுக்கொண்டார்.

1958 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக வேல்ஸ் அணியில் முதல் வாய்ப்பு. வேல்ஸ் 9-3 என்று ஜெயித்தது. ‘டிராப் கோல்’ உதைத்து அதில் மூன்று புள்ளிகளைச் சேர்த்தது கார்வின். ஆனால், அந்த இடத்துக்கு நிரந்தரச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். கிளிஃப் மோர்கன். வேல்ஸின் மகத்தான ஆட்டக்காரர்களில் ஒருவர். அதே வருடம் மார்ச்சில் பிரான்ஸுடன் ஒரு ஆட்டம் ஆடினார் கார்வின். அத்தோடு சரி. தேசிய அணிக் கணக்கு இரண்டில் முடிந்தது.

அதற்குள் அவர் வாத்தியாராகிவிட்டிருந்தார்.

ஒரு மணி நேர வெல்ஷ்

கார்மார்தனில் ஒரு பள்ளியில் வேலையைத் தொடங்கியவர், 1950-களின் நடுவில் லாண்டவரி கல்லூரிக்கு வந்தார். பெயர்தான் கல்லூரி, உண்மையில் அது விடுதியுடன் கூடிய பள்ளி. இந்தப் பள்ளிக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் டாக்டராக வேலை பார்த்து, ஓய்வுபெற்றுத் திரும்பிய தாமஸ் ஃபிலிப்ஸ் என்பவர் கொடுத்த பணத்தில் எழுந்த பள்ளி அது. ஆரம்பித்த வருடம் 1847. ‘தினமும் ஒரு மணி நேரம் வெல்ஷ் மொழி கற்பிக்க வேண்டும்’ என்று அவர் நிபந்தனையே போட்டிருந்தார்.

அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயம் கிடையாது. அதே 1847-ல்தான் வேல்ஸின் கல்வி பற்றி ஆங்கிலேய அதிகாரிகள் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். மக்களின் பின்தங்கிய நிலைக்கு வெல்ஷ் மொழியே காரணம் என்கிற தொனி அதில் இருந்தது. பல பள்ளிகளில், வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்டு அவமானப்படுத்தும் வழக்கமும் இருந்தது. பெற்றோரே ‘ஆங்கிலம் பேசினால்தான் வேலை கிடைக்கும்’ என்று பிள்ளைகளிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். விளைவு? 1911 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் வெல்ஷ் பேசினார்கள். 1961-ல் அது 26 ஆகக் குறைந்துவிட்டது.

கார்வின் வகுப்புக்குள் நுழைந்தபோது நிலைமை இதுதான். அவர் கற்பித்தது ஒரு பாடம் மட்டுமல்ல. கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்த தாய்மொழி. 1960-களின் இறுதி வரை அந்தப் பள்ளியில் இருந்தார். வகுப்பில் கவிதை, மாலையில் மைதானத்தில் ரக்பி. இரண்டையும் அவர் தனித்தனியாகப் பார்க்கவில்லை. கவிதையைப் படித்துவிட்டு ‘உனக்கு என்ன தோன்றுகிறது?’ என்று கேட்பதுபோலத்தான், களத்தில் பந்தோடு நிற்கும் பையனிடமும் கேட்பார். சொன்னதைச் செய்யும் பையன் அவருக்குத் தேவையில்லை. பார்த்து, யோசித்து, தானே முடிவெடுக்கும் பையன்தான் தேவை.

அவர் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்ட சீடன் ஒருவனும் இருந்தான். கெவ்னெய்த்தின் மைதானத்தில் கார்வின் உதைத்துப் பழகும்போது, எல்லை தாண்டிப் போகும் பந்தை ஓடி ஓடி எடுத்துத் தரும் அந்த ஊர்ப் பொடியன். பந்தை எடுத்துக்கொடுத்தபடியே அண்ணன் எப்படி உதைக்கிறார் என்று கவனித்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் பாரி ஜான். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உடைமாற்றும் அறையில் ஒரு வாத்தியார்

லாண்டவரியை விட்டு கார்மார்தனில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் விரிவுரையாளரான கார்வின், லனெல்லி கிளப் அணிக்கும் பயிற்சியாளரானார். 1970 ஜனவரியில் தென்னாப்பிரிக்க அணி லனெல்லியுடன் ஆட வந்தது. நிறவெறி ஆட்சி நடந்த காலம். வெள்ளையர்கள் மட்டுமே ஆடும் அணி அது.

கார்வின் என்ன செய்தார் தெரியுமா? தன் பையன்களை ஆட்டத்துக்கு முழுமையாகத் தயார் செய்தார். உடைமாற்றும் அறையில் பேசினார். அணி மைதானத்துக்குள் ஓடியதும், அவர் அந்த அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெளியே ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரிக்கும் சத்தம். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 9-10 என்று லனெல்லி தோற்றது. மிக நெருக்கமான அந்த ஆட்டத்தை, அணியைத் தயார் செய்தவர் கண்ணால் பார்க்கவில்லை. ஆட வேண்டும் என்று நினைத்த வீரர்களைத் தடுக்கவும் இல்லை; தன் மனசாட்சியை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

அதே வருடம் நடந்த பொதுத்தேர்தலில், வேல்ஸுக்குத் தன்னாட்சி கேட்ட பிளைட் கம்ரி கட்சியின் வேட்பாளராக லனெல்லி தொகுதியில் நின்றார். தோற்றார். ‘பிரிட்டிஷ்’ என்ற அடையாளத்தைக் கேள்வி கேட்டு தேர்தலில் நின்ற மனிதரைத்தான், பிரிட்டிஷ் லயன்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக நியமித்தார்கள். வரலாற்றுக்கும் நகைச்சுவை உணர்வு உண்டுபோல!

30 பிள்ளைகள், நான்கு நாடுகள்

அப்போது ரக்பியில் சம்பளம் கிடையாது. வீரர்கள் எல்லோரும் வேறு வேலை பார்த்தவர்கள். 1971 லயன்ஸ் அணியின் கேப்டன் ஜான் டாஸ் ஒரு பள்ளி ஆசிரியர். புயலாக ஓடும் ஜெரால்ட் டேவிஸும் ஆசிரியர். ஸ்காட்லாந்தின் இயன் மெக்லாக்லன் உடற்பயிற்சி ஆசிரியர். வில்லி ஜான் மெக்பிரைடுக்கு வங்கி வேலை. ஜே.பி.ஆர்.வில்லியம்ஸ் மருத்துவ மாணவர். வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு மூன்று மாதங்களுக்கு மேல் கடல் கடந்து போனார்கள்.

ஐந்து வருடங்களுக்கு முன்புதான், 1966-ல் போன லயன்ஸ் அணி நான்கு டெஸ்ட்டுகளிலும் தோற்றுத் திரும்பியிருந்தது. அந்தக் காயம் ஆறவில்லை. போதாக்குறைக்கு நான்கு நாட்டுக்காரர்கள். ஒருவர் பழக்கம் இன்னொருவருக்கு ஒத்துவராது. இப்படிப்பட்ட அணியைக் கையில் எடுக்கும் எந்தப் பயிற்சியாளரும் ‘இனி நாம் எல்லோரும் ஒன்று, வித்தியாசங்களை மறந்துவிடுங்கள்’ என்றுதான் பேசுவார்.

கார்வின் தலைகீழாகச் சொன்னார். ஐரிஷ்காரர்கள் ஐரிஷ்காரர்களாகவே இருங்கள், ஆங்கிலேயர்கள் ஆங்கிலேயர்களாகவே இருங்கள், ஸ்காட்லாந்துக்காரர்களும் வெல்ஷ்காரர்களும் அப்படியே. யாரும் யாரைப்போலவும் மாற வேண்டாம் என்றார். பள்ளியில் தாய்மொழியைப் பேசியதற்காகக் கழுத்தில் பலகை மாட்டிய நாட்டிலிருந்து வந்தவருக்கு, ஒருவனை அவனாக இருக்கவிடுவதன் மதிப்பு தெரிந்திருந்தது.

தனக்குத் தெரியாததைக் கேட்பதிலும் அவருக்குக் கூச்சம் இல்லை. முன்வரிசையில் முட்டி மோதும் ‘ஃபார்வேர்டு’ ஆட்டம் அவருடைய துறை கிடையாது. அதனால், அயர்லாந்து வீரர் ரே மெக்லாக்லினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பயிற்சியை நடத்தினார். வகுப்பின் கெட்டிக்கார மாணவனையே போர்டுக்கு அழைத்துப் பாடம் நடத்தச் சொல்லும் வாத்தியார்கள் நம் ஊரிலும் உண்டல்லவா? அதே முறைதான்.

அந்த அணியின் ஃப்ளை ஹாஃப் யார் தெரியுமா? பந்து பொறுக்கிப்போட்ட அதே பாரி ஜான். பயிற்சி என்றால் பாரிக்கு வேப்பங்காய். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று கார்வின் அவரைக் கசக்கவில்லை. உற்சாகம் குறைந்திருக்கும் நாள்களில் அவர் போக்கிலேயே விட்டுவிட்டார். ஆனால், வேலை வாங்க வேண்டிய இடத்தில் வாங்கினார். முதல் டெஸ்ட்டில் ஆல் பிளாக்ஸின் கடைசி அரண், ஃபுல் பேக் ஃபெர்கி மெக்கார்மிக். அவரை அங்கும் இங்கும் ஓட வைத்து அலைக்கழிக்க வேண்டும் என்பது திட்டம். பாரி உதைத்த பந்துகள் மெக்கார்மிக்கின் கைக்கு எட்டாமல் இடமும் வலமுமாக விழுந்துகொண்டே இருந்தன. அதன் பிறகு அவருக்கு ஆல் பிளாக்ஸ் அணியில் இடம் கிடைக்கவில்லை.

முதல் டெஸ்ட் டனீடினில். லயன்ஸ் 9-3 என்று வெற்றி. கிறைஸ்ட்சர்ச்சில் 12-22 என்று தோல்வி. வெலிங்டனில் 13-3 என்று வெற்றி. ஆக்லாந்தில் நடந்த கடைசி டெஸ்ட்டில், நீண்ட தூரத்திலிருந்து ஜே.பி.ஆர்.வில்லியம்ஸ் உதைத்த டிராப் கோல் கம்பங்களுக்கு இடையே போக, 14-14 என்று டிரா. தொடர் லயன்ஸ் வசம்! நான்கு டெஸ்ட்டுகளில் லயன்ஸ் எடுத்த 48 புள்ளிகளில் 30 புள்ளிகள் பாரி ஜானுடையவை.

9-3

ஒரு முறை ஜெயித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். அடுத்த வருடமே அதற்கும் பதில் கிடைத்தது. 1972 அக்டோபர் 31. இந்த முறை ஆல் பிளாக்ஸ் வேல்ஸுக்கு வந்து, லனெல்லி கிளப்புடன் ஆடியது. இரும்பு, தகரத் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு நகரத்தின் உள்ளூர் அணி எங்கே, உலகின் வலிமையான அணி எங்கே?

லனெல்லி கேப்டன் டெல்மி தாமஸ் ஒரு மின்வாரிய ஊழியர். அதிகம் பேசாதவர். அன்று உடைமாற்றும் அறையில், இன்றைய வெற்றிக்காக வேல்ஸுக்கும் லயன்ஸுக்கும் ஆடிப் பெற்ற கௌரவங்கள் அத்தனையையும் விட்டுத்தரத் தயார் என்று அவர் பேசியபோது, வாட்டசாட்டமான ஆண்கள் கண்கலங்கினார்கள். கார்வின் முன்கூட்டியே திட்டங்களை எல்லாம் சொல்லி முடித்திருந்தார். கடைசி வார்த்தையை கேப்டனிடம் விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

ஃபில் பென்னட் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்ப, ஆல் பிளாக்ஸ் வீரர் அதை அவசரமாக வெளியே உதைக்கப் பார்க்க, பாய்ந்து மறித்து ‘ட்ரை’ அடித்தார் ராய் பெர்ஜியர்ஸ். அதற்கு 4, பென்னட்டின் கன்வெர்ஷனுக்கு 2, பின்னர் ஆண்டி ஹில்லின் பெனால்ட்டிக்கு 3. முடிவு 9-3. அந்த இரவில் ஊரின் மதுக்கடைகள் வற்றிப்போயின என்று இன்றும் சொல்கிறார்கள். மேக்ஸ் பாய்ஸ் என்ற பாடகர் ‘9-3’ என்ற பெயரில் பாட்டே கட்டினார்.

மூன்று மாதம் கழித்து கார்டிஃப் நகரில் பார்பேரியன்ஸ் அணி ஆல் பிளாக்ஸைச் சந்தித்தபோதும், ஆட்டத்துக்கு முன் வீரர்களிடம் பேச அழைக்கப்பட்டவர் கார்வின்தான். பதற்றத்தில் இருந்த ஃபில் பென்னட்டிடம், லனெல்லியில் ஆடுவதுபோலவே ஆடு என்று தைரியம் சொன்னார். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் பென்னட் தன் கோட்டுக்கு அருகே மூன்று நான்கு பேரை ஏமாற்றித் தொடங்கிய ஓட்டம், கரெத் எட்வர்ட்ஸின் ட்ரையில் முடிந்தது. ரக்பி வரலாற்றின் மிக அழகான ட்ரை என்று பலரும் இன்றும் கொண்டாடுவது அதைத்தான். யூடியூபில் தேடினால் கிடைக்கும், பாருங்கள்.

வீட்டில் கிடைக்காத நாற்காலி

இவ்வளவும் செய்தவரை வேல்ஸ் தேசிய அணிக்குப் பயிற்சியாளராக்கி இருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? கடைசிவரை அது நடக்கவில்லை.

அப்போது வேல்ஸ் அணியைத் தேர்ந்தெடுத்தது ஐந்து பேர் கொண்ட தேர்வுக்குழு. அணியை உருவாக்கும் பொறுப்பு பயிற்சியாளருடையது என்றால், தேர்வில் தலைமையும் அவரிடம்தான் இருக்க வேண்டும் என்பது கார்வினின் வாதம். 1974-ல் பயிற்சியாளர் பதவிக்குப் பெயர் அடிபட்டபோது, இந்தக் கருத்துகளை எழுத்தில் தெரிவித்துவிட்டுப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். பதவி, அவருடைய 1971 கேப்டன் ஜான் டாஸுக்குப் போனது. கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள். கேட்டு வாங்கும் நாற்காலியில் கை கட்டி உட்கார அவருக்கு மனம் வரவில்லை.

பிறகு பத்திரிகையில் எழுதினார், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசினார். 1977-ல் இத்தாலிக்குப் போனார். ரோவிகோ என்ற சிறு நகரத்தின் அணிக்குப் பயிற்சி கொடுத்து, 1978-79 பருவத்தில் இத்தாலியின் சாம்பியனாக்கினார். சொந்த நாடு தர மறுத்த சுதந்திரத்தை அந்நிய ஊர் தந்தது.

ஆனால், வெளியே தெரிந்த வெற்றிகளுக்குப் பின்னால் ஒரு தனிமை இருந்தது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. வாழ்நாள் முழுக்க எக்ஸிமா என்ற தோல் நோய் அவரைப் பாடாய்ப்படுத்தியது. அரிப்பில் தூக்கம் போகும். ஓயாமல் சிகரெட் பிடிப்பார். எல்லோருடைய மனதையும் அறிந்து பேசியவரின் மனதை முழுதாக அறிந்தவர்கள் குறைவு என்று அவருடன் பழகியவர்களே பின்னாளில் வருந்தினார்கள். 1983 ஜனவரி 10-ம் தேதி, ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார். வயது 53.

இன்று அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. லயன்ஸ் அணி அதற்குப் பிறகு பலமுறை நியூசிலாந்து போய்வந்துவிட்டது. முழுநேரப் பயிற்சியாளர்கள், மருத்துவர்கள், உணவு நிபுணர்கள், வீடியோவை அலசிப் பார்க்கும் ஆட்கள் என்று ஒரு படையே உடன் போகிறது. 2017-ல் தொடரை சமன் செய்ய முடிந்தது. வெல்ல முடியவில்லை.

உங்கள் வீட்டிலும் எல்லோரும் படிக்கும் நேரத்தில் படிக்காமல், எல்லோரும் ஓடும் திசையில் ஓடாமல் ஒரு பாரி ஜான் இருக்கலாம். ‘மற்ற பிள்ளைகளைப் பார்’ என்று அதட்டும் முன், ‘உனக்கு என்ன தோணுது?’ என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். கார்வின் வாத்தியார் பாடத்தை ஆரம்பித்தது அந்தக் கேள்வியிலிருந்துதான்.